கண் இமை துடிக்கத் தொடங்கினால்: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

எனக்கு இடது கண்ணின் கீழ் இமை ஏழு வாரம் துடித்தது. வலி கிடையாது, பார்வையிலும் குறை இல்லை. ஆனால் பேசும்போது, படிக்கும்போது, இரவில் படுத்த பிறகு என்று நேரம் காலம் பார்க்காமல் இமைக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். அந்த ஏழு வாரத்தில் நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். முதல் வாரம் இணையத்தில் நோய்களின் பெயர்களைத் தேடிப் பயந்தேன். இரண்டாம் வாரம் மாத்திரை வாங்கினேன். நான்காம் வாரம் தேவையே இல்லாத ஸ்கேன் எடுத்தேன். இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்று கணக்குப் பார்த்தது ஆறாம் வாரத்தில்தான். கடைசியில் செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். உங்கள் இமை இன்றைக்குத்தான் துடிக்கத் தொடங்கியிருக்கிறது என்றால் கீழே உள்ள வரிசைப்படி போங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது பெரியவர்களுக்கான கட்டுரை. குழந்தைகள் அடிக்கடி கண்ணைச் சிமிட்டினால் அதன் காரணங்கள் வேறாக இருக்கும். குழந்தைநல மருத்துவரிடமே காட்டுங்கள்.

1. உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். துடிப்பு வரும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். ஒரு கண்ணில் மட்டும் வருகிறதா? ஓர் இமையில் மட்டும்தானா? துடிக்கும்போதும் கண் திறந்தே இருக்கிறதா? கன்னமும் வாயோரமும் அசையாமல் இருக்கின்றனவா? நான்குக்கும் ஆம் என்றால், பெரும்பாலும் உங்களுடையது தீங்கற்ற வகைதான். கீழ் இமையில்தான் இது அதிகம் வரும். சில நொடியோ சில நிமிடமோ துடித்துவிட்டு அடங்கும், அப்புறம் திரும்ப வரும்.

கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. கண்ணை மூடுவது அதன் வேலை. அதிலுள்ள சில இழைகள் மட்டும், நாம் சொல்லாமலே, தாமாகச் சுருங்கி விரிவதைத்தான் நாம் துடிப்பாக உணர்கிறோம். மருத்துவச் சீட்டில் இதை 'மையோகைமியா' என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லைப் பார்த்து நான் அரை நாள் கலங்கிப்போனேன். இமை துடிக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது, அதற்கு மேல் எதுவும் இல்லை.

இன்னொன்று: உள்ளே உணர்வது பெரிதாக இருக்கும், வெளியே தெரிவது மிகச் சிறிதாக இருக்கும். எதிரில் உட்கார்ந்து பேசியவர்களிடம் நானே கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் வேலையிடத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார வேண்டிய அவசியம் இல்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியவை இரண்டு உண்டு. முதலாவதில், இரண்டு கண்களும் தாமாக இறுக மூடிக்கொள்ளும். வெளிச்சத்தில் போனால் கூடும். நடுவயதைக் கடந்தவர்களிடம் அதிகம் காணப்படும். இதற்கு பிளெஃபரோஸ்பாசம் என்று பெயர். இரண்டாவதில், முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். கண்ணோரத்தில் தொடங்கி, நாள் போகப் போகக் கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் இறங்கும். தூக்கத்திலும் நிற்காமல் வரலாம். முகத்தை இயக்கும் நரம்பு மூளைத்தண்டிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன் மேல் அழுத்துவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். கண் துடிக்கும் அதே நொடியில் வாயோரமும் சேர்ந்து இழுக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இழுத்தால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். இந்த இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது, ஆகவே பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

2. காத்திருக்கக் கூடாதவர்கள்

திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை அல்லது கால் பலம் இழக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்; மருத்துவமனையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அவ்வளவு அவசரம் இல்லாவிட்டாலும், ஓரிரு நாளுக்குள் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் இவர்கள்: கண் சிவந்தோ வீங்கியோ இருப்பவர்கள், பீளை தள்ளுபவர்கள், பார்வை மங்கியவர்கள், ஒவ்வொரு துடிப்பிலும் கண் முழுவதும் மூடிக்கொள்பவர்கள், துடிப்பு முகத்தின் வேறு இடத்துக்குப் பரவியவர்கள். மேல் இமை புதிதாகத் தொங்கினாலோ பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே போங்கள்.

சமீபத்தில் புது மருந்து ஏதாவது தொடங்கினீர்களா என்பதையும் யோசியுங்கள். சில மருந்துகளால் இமை துடிக்கலாம். சந்தேகம் வந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்புக்கோ மனநலத்துக்கோ சாப்பிடும் மாத்திரையைத் திடீரென்று விடுவது இமை துடிப்பதைவிடப் பல மடங்கு ஆபத்து.

3. காலண்டரில் ஒரு தேதியைக் குறியுங்கள்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான படி இதுதான்.

தீங்கற்ற துடிப்பு பெரும்பாலும் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் தானாக நின்றுவிடும். சிலருக்கு விட்டுவிட்டு இன்னும் கொஞ்ச காலம் போகும். துடிப்பு தொடங்கிய நாளைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து மூன்று வாரம் எண்ணி, அந்தத் தேதியில் 'கண் மருத்துவர்' என்று எழுதுங்கள். அதற்குள் நின்றுவிட்டால் அடித்துவிடலாம், நிற்காவிட்டால் கட்டாயம் போக வேண்டும். இடையில் இரண்டாம் படியில் சொன்ன எதுவும் வந்தால் தேதிக்காகக் காத்திருக்காமல் போங்கள்.

இது எதற்கு என்றால், தேதி குறிக்காதவரை ஒவ்வொரு காலையும் 'இன்றைக்குப் போகலாமா, நாளைக்குப் பார்க்கலாமா' என்ற கேள்வியோடுதான் விடியும். நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை கண்ணாடி பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. கைபேசித் திரையில், கார்க் கண்ணாடியில், ஜன்னலில் எல்லாம் இமையைத்தான் பார்த்தேன். அந்தப் பதற்றம் தூக்கத்தைக் கெடுத்தது. தூக்கம் கெட்டதும் துடிப்பு கூடியது. துடிப்பு கூடியதும் பதற்றம் இன்னும் ஏறியது. தேதியை எழுதி வைத்த பிறகு அந்தக் கேள்வி விட்டுப்போனது. முடிவெடுக்கும் நாள் இன்றைக்கு இல்லை என்று தெரிந்ததும் மனம் கொஞ்சம் அடங்கியது.

அதே நாளில் இணையத்தில் தேடுவதையும் நிறுத்துங்கள். 'தசை துடிப்பு' என்று தேடினால் மூன்றாவது வரியிலேயே கொடிய நரம்பு நோய்களின் பெயர்கள் வந்து நிற்கும். அந்த நோய்களில் கைகால் பலம் குறையும், விழுங்கவோ பேசவோ சிரமமாகும். வேறெந்தக் குறையும் இல்லாமல் ஓர் இமை மட்டும் துடிப்பது அவற்றின் அடையாளம் அல்ல. இதை எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லாததால் பல இரவுகள் வீணாயின.

4. ஒரு வரிக் குறிப்பும் அரை நிமிட வீடியோவும்

படுக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, முந்தின இரவு தூங்கிய மணி, குடித்த காபி டீயின் எண்ணிக்கையும் கடைசியாகக் குடித்த நேரமும், திரை பார்த்த மணி, துடிப்புக்கு 0 முதல் 3 வரை ஒரு மதிப்பெண். துடிக்கவே இல்லையென்றால் 0, நாள் முழுக்கத் தொந்தரவு என்றால் 3. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. துடிக்கும்போதெல்லாம் எழுதாதீர்கள், அப்படிச் செய்தால் நாள் முழுக்க இமையையே காவல் காக்க நேரும்.

வீடியோ மிக முக்கியம். மருத்துவர் முன் போய் உட்கார்ந்ததும் இமை அமைதியாகிவிடும். எனக்கு இரண்டு முறையும் அப்படித்தான் ஆனது. துடிக்கும்போது கைபேசியில் அரை நிமிடம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வர வேண்டும். கண்ணை மட்டும் நெருக்கத்தில் எடுக்காமல் முகம் முழுவதும் தெரிய எடுங்கள். கன்னமும் வாயும் அசையவில்லை என்பதை மருத்துவர் பார்த்தால்தான் வீடியோவால் பயன். இரண்டு மூன்று போதும்.

5. தூக்கம்

துடிப்பைக் குறைக்கும் வழிகளில், எனக்குப் பலன் தந்தது இதுதான் என்பதால் இதை முதலில் வைக்கிறேன். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரு நாள் நன்றாகத் தூங்கிவிட்டு 'இன்னும் துடிக்கிறதே' என்று விட்டுவிடுவதுதான் இங்கே எல்லாரும் செய்யும் தவறு. ஒரு வாரம் பத்து நாளாவது தொடர்ந்து தூங்கிப் பாருங்கள். என் குறிப்பில் முதல் நான்கு இரவுகளுக்கு மதிப்பெண் மாறவே இல்லை. ஐந்தாம் நாள்தான் 3 என்பது 2 ஆனது.

படுக்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவது கடினம். அதைவிட எழும் நேரத்தை நிலையாக வைப்பது சுலபம். விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். வார இறுதியில் மதியம்வரை தூங்கினால் அன்றிரவுத் தூக்கம் போய்விடும். கைபேசியைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

6. காபி, டீ

காபியில் உள்ள காஃபின் உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்த காபியில் பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கப் காபியில் சுமார் 80 முதல் 100 மில்லிகிராம்வரை காஃபின் இருக்கலாம், டீயில் அதில் பாதி அல்லது அதற்கும் குறைவு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் உச்ச அளவு. அதற்குள் இருந்தாலும் உங்கள் இமைக்கு அது அதிகமாக இருக்கலாம்.

பயத்தில் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று விட்டால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். அசதியும் எரிச்சலும் சேர்ந்து ஒரு வாரம்வரைகூட இழுக்கும். இமை துடிப்போடு தலைவலியும் சேர்ந்துகொண்டால் பயம் இரட்டிப்பாகும். நான் அனுபவித்துச் சொல்கிறேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, தினசரி அளவில் ஒரு கப் வீதம் குறையுங்கள். கடைசிக் கப்பை மதியத்துக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். கோலா பானங்கள், எனர்ஜி டிரிங்க், சாக்லேட், சில தலைவலி மாத்திரைகள் ஆகியவற்றிலும் காஃபின் உண்டு, அவற்றையும் கணக்கில் சேருங்கள்.

மது தூக்கத்தைக் கெடுக்கும், புகை கண்ணை உறுத்தும். இரண்டையும் இந்த மூன்று வாரமாவது தள்ளிவையுங்கள். புகைப்பதை இப்போது நிறுத்துகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: புகைப்பவர்களின் உடல் காஃபினை வேகமாக வெளியேற்றும். புகையை விட்டதும் அதே காபி உடம்பில் அதிக நேரம் தங்கும். ஆகவே காபியையும் சேர்த்துக் குறையுங்கள்.

7. கண்ணை ஈரமாக வைத்திருங்கள்

சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை அளவில் இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். கண் காய்ந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தும், எரியும். காய்ந்த கண்ணில் தண்ணீர் வழியவும் செய்யும், அதனால் 'எனக்குத்தான் கண்ணீர் வருகிறதே, வறட்சி எப்படி இருக்கும்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். உறுத்தல் இருக்கும் கண்ணில் இமையும் துடிக்க வாய்ப்பு அதிகம்.

20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 நொடி, 6 மீட்டர் தள்ளி இருக்கும் எதையாவது பாருங்கள். அந்த 20 நொடியில் பத்து முறை நிதானமாக, இமைகள் முழுதும் சேரும்படி மூடித் திறங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். மின்விசிறி, ஏசிக் காற்று நேராக முகத்தில் படாமல் திருப்பி வையுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இந்த மூன்று வாரமும் கண்ணாடிக்கு மாறிக்கொண்டால் நல்லது.

மாலையில் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் சூடு பார்த்துவிட்டு, மூடிய கண் மேல் 5 முதல் 10 நிமிடம் வைத்திருங்கள். துடிப்பு வந்து தொந்தரவு செய்யும்போது கண்ணை மூடி, விரலால் இமையை மென்மையாகத் தாங்கினால் கொஞ்ச நேரம் அடங்கும். அழுத்தித் தேய்க்காதீர்கள்.

சொட்டு மருந்து வாங்கும்போது கவனம் வேண்டும். உங்களுக்கு வேண்டியது செயற்கைக் கண்ணீர் எனப்படும் ஈரப்பதச் சொட்டு. சிவந்த கண்ணை வெளுப்பாக்கும் சொட்டு வேறு. அது ரத்தக்குழாய்களைச் சுருக்கும், தொடர்ந்து போட்டால் சிவப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும். கடையில் 'கண்ணுக்குச் சொட்டு' என்று பொதுவாகக் கேட்டால் இது கைக்கு வந்துவிடலாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டை மருத்துவர் எழுதாமல் தொடவே கூடாது. ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் போட வேண்டியிருந்தால் பதப்படுத்தும் பொருள் சேர்க்காத வகையைக் கேளுங்கள். குப்பியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். பல குப்பிகளைத் திறந்த நான்கு வாரத்தில் எறிந்துவிட வேண்டும். உங்களுடையதற்கு எவ்வளவு என்பது உறையில் இருக்கும்.

8. எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

தூக்கம், காபி குறைப்பு, ஒத்தடம், திரை இடைவேளை எதற்கும் காசு வேண்டாம். ஈரப்பதச் சொட்டு சின்னச் செலவு, உறுத்தல் இருந்தால் மட்டும் வாங்குங்கள். கண் பரிசோதனைக்குச் செலவு செய்வது வீண் இல்லை. குறிப்பாக 40 வயதை ஒட்டியவர்களுக்கு. படிக்கும் கண்ணாடி தேவைப்பட்டும் போடாமல் கண்ணைச் சுருக்கிப் படிப்பவர்கள் நிறையப் பேர். பழைய கண்ணாடியின் எண் மாறியிருப்பதும் உண்டு.

மக்னீசியம் மாத்திரை பற்றி எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கும். இமை துடிப்பை அது நிறுத்தும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. வயிற்றுப்போக்கு வரலாம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தாகவே முடியலாம். நான் வாங்கிய ஒரு பாட்டில் தீர்ந்தும் துடிப்பில் மாற்றம் இல்லை.

பெரிய செலவு மூளை ஸ்கேன். ஓர் இமை மட்டும் துடித்து, மற்ற எல்லாம் சரியாக இருந்தால் பொதுவாக அது தேவைப்படாது. முகத்தில் பரவல், பலவீனம், இமை தொங்கல் போன்ற எதையாவது மருத்துவர் கண்டால் அப்போது அவரே எழுதுவார், அப்போது எடுத்தே ஆக வேண்டும். என் கதை வேறு. நானாக வற்புறுத்திக் கேட்டேன், எழுதிக்கொடுத்தார்கள். துடிப்புக்குச் சம்பந்தமில்லாத, பிறவியிலேயே இருந்த ஒரு சின்ன விஷயம் அறிக்கையில் வந்தது. அது ஒன்றுமில்லை என்று இன்னொரு மருத்துவர் விளக்கும்வரை பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பயத்தைப் போக்க எடுத்த ஸ்கேன் புதுப் பயத்தைக் கொடுத்தது. காப்பீடு இருக்கிறதே என்று எண்ணுகிறவர்கள், மருத்துவர் தேவை என்று சொல்லாத பரிசோதனைக்குப் பணம் வருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. குறித்த தேதி வந்துவிட்டால்

முதலில் கண் மருத்துவர். நரம்பியல் நிபுணர் வேண்டுமா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும். கையில் எடுத்துப்போக வேண்டியவை: குறிப்புத் தாள், வீடியோ, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல் (சத்து மாத்திரை, சொட்டு உட்பட), அணியும் கண்ணாடி, பழைய கண் பரிசோதனைச் சீட்டு இருந்தால் அது.

உள்ளே போனதும் சுருக்கமாகச் சொல்லுங்கள்: எந்தக் கண், எந்த இமை, எந்தத் தேதியிலிருந்து, வேறு எங்கும் பரவியதா, இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள். பிறகு வீடியோவைக் காட்டுங்கள். நான் முதல் முறை போனபோது பயத்தையெல்லாம் கொட்டி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவை மூன்று: கண்ணில் வறட்சியோ இமையோர அழற்சியோ இருக்கிறதா? கண்ணாடி எண் சரியாக இருக்கிறதா? எந்த அறிகுறி வந்தால் நான் திரும்ப வர வேண்டும்?

விழித்திரையைப் பார்க்கச் சொட்டு விட்டுக் கண்ணின் பாப்பாவை விரிய வைத்தால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப்போங்கள். அன்று மதியத்துக்கு மேல் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாதக்கணக்கில் நிற்காமல் தொல்லை கொடுத்தால், தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியை மிகச் சிறிய அளவில் இமையில் போடும் வழியும் உண்டு. பலன் சுமார் மூன்று மாதம் இருக்கும். சிலருக்கு இமை தற்காலிகமாகத் தொங்கிப்போகலாம். தீங்கற்ற துடிப்பு உள்ளவர்களில் மிகச் சிலருக்கே இது தேவைப்படும், அனுபவமுள்ள கண் மருத்துவரிடம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

10. குறையும்போது

துடிப்பு ஒரே நாளில் நின்றுவிடாது. ஒரு நாள் இருக்காது, மறுநாள் மதியம் வரும், அப்புறம் இரண்டு நாள் இருக்காது. எனக்கு 2, 1, 0, 2, 0, 0, 1 என்று ஏறி இறங்கித்தான் முடிந்தது. அந்த நடு 2 வந்த அன்று எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்தேன். முந்தின இரவு நான்கு மணி நேரம்தான் தூங்கியிருக்கிறேன் என்று தாளில் இருந்தது. தொடர்ந்து ஏழு நாள் 0 வந்த பிறகு எழுதுவதை நிறுத்துங்கள்.

தாளை எறிந்துவிடாதீர்கள். தேர்வு, வேலை நெருக்கடி, வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் நாள்கள் என்று வரும்போது இது மறுபடி எட்டிப் பார்க்கும். அப்போது முதல் படியிலிருந்து ஒரு முறை சரிபார்த்துவிட்டு, பழைய தாளை எடுத்துப் பாருங்கள். என்னுடையதில் அடுத்தடுத்து நான்கு இரவு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் ஐந்தாம் நாள் இமை துடிக்கிறது. இப்போதெல்லாம் மூன்றாம் இரவே சீக்கிரம் படுத்துவிடுகிறேன்.